படகுக்கு ஆயுத பூஜை

"கற்பூரம் காட்டுற நேரத்துல மிஷினப் போட மாட்டேங்குறியே, நீயெல்லாம் ஒரு குடும்பத்துப் பொம்பளையா?"

ஆண்டாயி போட்ட சத்தத்தில் குரும்பலூரில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது.

ஆயுத பூஜை. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் மகன் பூமாலை, படகை வாசலுக்கே தூக்கி வந்து, கழுவி, தோரணம் கட்டி, உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தான். தண்ணிக்குள் மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் மிஷின் ஒன்று அதில் புதுசு. அதற்கும் பொட்டு.

பூஜை என்றால் மோட்டார் ஓட வேண்டும், மிக்ஸி சுற்ற வேண்டும், மீன் மிஷின் எரிய வேண்டும். இல்லாவிட்டால் சாமிக்குத் திருப்தி வராதாம்.

மருமகள் வெற்றிச்செல்வி குறுக்கே நின்றாள்.

"அத்தை, அடியில இருக்குற சென்சாரு தண்ணியில கெடந்தாத்தான் சூடு தாங்கும். தரையில வச்சுப் போட்டா வீணாப்போயிடும்."

மிஷின் போனால் மீன் போகும். மீன் போனால் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான்.

"பாத்தீங்களா மாப்ளே, சாமிக்கே பாடம் எடுக்குறா."

மாப்பிள்ளை மதுரைவீரன், மூத்த மகளைக் கட்டியவர். போன பூஜையில் புது மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டுப் புகை வரவழைத்த கைராசிக்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தள்ளும்மா, நான் போடறேன். சிமெண்ட் ஆலையில நான் பாக்காத மிஷினா?"

"அண்ணே, வேணாம்ணே." வெற்றிச்செல்வி கெஞ்சினாள்.

பூமாலை தோரணத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அக்கா புருஷனை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் கிடையாது.

மாப்பிள்ளையின் விரல் பட்டனை நெருங்கியது. ஆண்டாயி பாய்ந்து நடுவில் வந்தாள்.

"நீங்க இருங்க மாப்ளே. இந்தத் திமிர் புடிச்சவ கையாலயே போடட்டும். கெட்டா அவ தலையிலயே விடியட்டும். ஏறுடி படகுல."

தெரு நன்றாக வேடிக்கை பார்த்தது.

வெற்றிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சென்சார் ஒயரைப் பிடுங்கினாள். அப்புறம் மிஷினைப் போட்டு டெமோவைத் தட்டினாள். கடையில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்திருக்கும் பொய்ப்படம் அது.

திரையில் கூட்டம் கூட்டமாக மீன் ஓடியது.

தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. காய்ந்த வாசலில் இத்தனை மீன் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "எல்லாம் நான் நின்ன நேரம்" என்று சொல்லி, மாப்பிள்ளை பொரியில் ரெண்டு பங்கு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கூட்டம் கலைந்ததும் வெற்றிச்செல்வி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். ஆண்டாயி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"புடுங்குன ஒயரத் திரும்ப மாட்டிட்டியா?"

வெற்றிச்செல்வி கை நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"நேத்தே அதப் புடுங்கி, பொய் மீனு காட்டிப் பாத்துக்கிட்டிருந்தியே. மாப்ள கை நீட்டவும் போன பூஜ மிக்ஸி ஞாபகம் வந்துச்சு, அதான் உன் கையில தள்ளிவுட்டேன். மாப்ளையப் பாத்து தொடாதீங்கன்னு சொன்னா, அப்பறம் நான் மவ வூட்டு வாசப்படி மிதிக்க முடியாது. மருமவள நடுத்தெருவுல வச்சுத் திட்டுனா எவன் கேக்கப்போறான்?"