ஐந்தாவது டேப்

வெட்டும் மெஷினின் மெயினை அணைத்துவிட்டு தெய்வானை பழைய லேசர் டியூபைக் கழற்றினாள். பெயர்ப்பலகை வெட்டும் அவளுடைய கடைக்கு ஆர்டர் வாட்ஸப்பில் வரும், பலகை கூரியரில் போகும். மூன்று நாளில் அவள் வாய்திறந்து பேசியது சர்வீஸ்காரன் சுலைமானிடம் மட்டும்தான், அதுவும் போனில்.

“சிவப்பு ஒயரை புது டியூப் முனையில நாலு சுத்து சுத்துங்கக்கா. மேல ரப்பர் உறைய மாட்டுங்க. தண்ணி ஓடுதா? உள்ள குமிழி நிக்கக்கூடாது.”

தனி பம்பில் ஓடி டியூபைக் குளிர்விக்கும் தண்ணீரில் குமிழி போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து, ஒளி நடுவில் விழுகிறதா என்று பார்க்க, அதைத் திருப்பும் கண்ணாடிமேல் டேப் ஒட்டி, பட்டனைத் தட்டினாள். ஒளி கண்ணுக்குத் தெரியவில்லை. டேப்பில் கருகலாக ஒரு பொட்டு மட்டும். முதல் மூன்று டேப்பிலும் ஓரமாகவே விழுந்தது. அவன் சொன்னபடி கண்ணாடியின் ஸ்க்ரூவைத் திருக, நாலாவதில் நட்டநடுவில் விழுந்தது.

“எப்படிக்கா விழுந்திருக்கு?”

சரியாகிவிட்டது என்றால் போனை வைத்துவிடுவான்.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித்தான் இருக்கு, தம்பி.”

“போட்டோ எடுத்து அனுப்புங்க.”

வேறு வழியில்லாமல் அனுப்பினாள். மெஷினுக்குள் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது.

“ஆமாக்கா, இடப்பக்கந்தான் இருக்கு. இன்னொரு டேப் ஒட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”