தேநீர்ச் சாட்சி

"ஒரே கட்டில்லதான் இருந்தாங்க ஐயா. நான் கதவைத் தட்டுனதே காதுல விழல" என்றாள் டில்லி.

லண்டன் வக்கீல் ஹார்ட்னெல் எழுதிக்கொண்டார்.

டில்லி, பிரைட்டன் கடற்கரை விடுதியில் காலைத் தேநீர் கொண்டுபோகிறவள். விவாகரத்து வேண்டுமானால், கணவன் வேறொருத்தியோடு இருந்ததைப் பார்த்த சாட்சி வேண்டும். அதற்கென்றே கனவான்கள் வாடகைக்கு ஒரு பெண்ணை அழைத்து வருவார்கள். விடியவிடியச் சீட்டாடிவிட்டு, தேநீர் வரும் நேரத்தில் கட்டிலில் ஏறிக்கொள்வார்கள். டில்லிக்கு இது இருபத்தாறாவது வழக்கு.

"வழக்கமா நடுவுல இன்னொரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் விட்டிருப்பாங்க. இவங்க அப்படி இல்ல. அவர் ரொட்டியில மார்மலேட் தடவி ஊட்டுறாரு. அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. போர்வை பூரா ரொட்டித் தூள். உதறுனவளுக்குத்தான் தெரியும்."

ஹார்ட்னெல் வியந்தார். அவர் ஏற்பாடு செய்திருந்த மிஸ் பாட்டர் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. வழக்கில் கணவனான ஆம்ப்ரோஸ் நல்ல நடிகன்தான்.

கல்யாணமானால்தான் வீடு என்று மாமா உயில் எழுதிவிட்டுப் போனதால், ஹெஸ்டர் ஆம்ப்ரோஸைப் பெயருக்குக் கட்டிக்கொண்டாள். ஓராண்டு, ஒரே வீடு, வேறு வேறு மாடி. வீடு கைக்கு வந்துவிட்டது. கொடுத்த வாக்குப்படி அவளை விடுவிக்க ஆம்ப்ரோஸ் பிரைட்டனுக்குப் போனான். ஹெஸ்டருக்கும் இதில் அக்கறை அதிகம். வெள்ளிக்கிழமை ஹார்ட்னெல்லைத் தொலைபேசியில் அழைத்து, எந்த விடுதி, எந்த அறை என்று இரண்டு முறை கேட்டாள்.

சாட்சி பிசகினால் ஆயுளுக்கும் இருவரும் கணவன் மனைவிதான். ஹார்ட்னெல் அதை டில்லிக்கு விளக்கினார். தான் எதையும் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை என்றாள் அவள்.

இனி அடையாளம் காட்டுவதுதான் பாக்கி. ஹார்ட்னெல் கல்யாணப் படத்தை நீட்டினார். அதில் ஆம்ப்ரோஸும் ஹெஸ்டரும் ஒரு முழம் தள்ளி விறைப்பாக நின்றார்கள்.

"இவர்தானே?"

"இவரேதான் ஐயா."

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. கோர்ட்ல மாத்திப் பேசக் கூடாது."

டில்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"நான் ஏன் மாத்திப் பேசறேன்? ஊட்டி விட்டது இவரு. பக்கத்துல நிக்குதே, இந்தம்மாதான் வாயைத் திறந்துச்சு."