கொடிக்குத் துணை

வேலூரில் அந்த வருஷமும் வீடுகளில் ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அரிய செடிகளை வளர்க்கும் கண்ணாடி அறைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. மொட்டைமாடியில் கண்ணாடி அறை கட்டி, ஏசி பொருத்தி, எங்கிருந்தோ ஒரு ஜேட் கொடியை வரவழைத்து நட்டாள். கொடி படர்ந்தது. அதன் பின்னாலேயே கட்டில், குக்கர், கணவர் அருள்தாஸ், எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் செரின் என்று வீடே மாடியேறியது.

மனிதர்கள் தங்குவது தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் ஒரு மதியம் செடி ஆய்வாளர் வந்து நின்றதும் அருள்தாஸ் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“கட்டில்ல யாரு?” என்றார் ஆய்வாளர். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“எம் பொண்ணு சார். கொடிக்குத் துணையா இருக்கா. தனியா விட்டா மொட்டெல்லாம் கொட்டிடுது,” என்றாள் ஜெசிந்தா, கண் இமைக்காமல்.

ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். நீலப்பச்சைப் பூக்கள் சரம்சரமாகத் தொங்கின. “கொஞ்சம் உட்காரட்டுமா?” என்று நாற்காலியில் சாய்ந்தவர், அந்தக் குளிரில் அப்படியே தூங்கிப்போனார்.

வெயில் இறங்கிய பிறகுதான் விழித்தார். அருள்தாஸ் கைகூப்பினார். “சார், பிரசவம் முடியற வரைக்குமாவது...”

“கொடி நல்லா இருக்கு,” என்றார் ஆய்வாளர். கதவுவரை போய்த் திரும்பிவந்தார். “அம்மா, இதுல ஒரு துண்டு வெட்டித் தருவீங்களா? எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு.”

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்தாள்.

“தரேன் சார். அறையை மட்டும் கொஞ்சம் பெரிசாவே கட்டுங்க. குழந்தை தவழணும்ல?”