கம்ப்யூட்டரில் ஏறியதா?

"கண்ணாடியையே பாக்காத அக்கா. ரோட்டைப் பாத்து ஓட்டு."

"பின்னாடியேதான் வர்றான் டாரல். தானியக் கிடங்கு தாண்டினதுல இருந்து வர்றான்."

நடீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். ஒஹாயோவின் சோள வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரே ஒரு வண்டி, அதுவும் போலீஸ்.

இன்சூரன்ஸ் கட்டாமல் ஓட்டிப் போய், யார் வீட்டுத் தபால் பெட்டியிலோ இடித்து, லைசென்ஸைப் பறிகொடுத்தவள் அவள். அது திரும்பக் கிடைக்க அபராதம் கட்டினால் மட்டும் போதாது. 'இந்த அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று கம்பெனியே மாநில அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது அங்கே கம்ப்யூட்டரில் ஏறினால்தான் லைசென்ஸுக்கு உயிர். காலையில் ஏஜென்ட் போனில், "அனுப்பிட்டேன் நடீன். ஏறுறதுக்கு சாயங்காலம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம்" என்றிருந்தாள்.

"நாளைக்குப் போலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"அனுப்பியாச்சுன்னா அனுப்பியாச்சு. நீ வண்டியைத் தொட்டே எட்டு மாசம் ஆச்சு. ஒரு ரவுண்டு போனாத்தான் கை வரும்."

"இன்னும் ஏறலைன்னா வண்டியை இழுத்துட்டுப் போயிடுவான்டா. என்னை உள்ள வெப்பான். திங்கக்கிழமை நான் போய் நிக்கலைன்னா அந்த மேனேஜர் பொம்பள வேற ஆளைப் போட்டுடுவா."

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. எட்டு மாதமாக அடுத்தவர் வண்டியில் தொற்றிக்கொண்டு, அவர்கள் முகச்சுளிப்பையும் விழுங்கிக்கொண்டு போய் வந்தாள். இப்போது அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். இந்த வேலையும் போனால் வாடகைக்கு எங்கே போவது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

டாரல் அவளுடைய ஒரே தம்பி. வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, போன மாதம்தான் வந்தான். வந்தவன் சாப்பிடக்கூட உட்காரவில்லை, "உன் லைசென்ஸ் என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்டான். அபராதத்தைக் கட்டினான். ஏஜென்ட்டிடம் அழைத்துப் போனான். அவளுடைய பழைய பியூக் காருக்கு பிரேக்கைக்கூட மாற்றிக் கொடுத்தான். கூடப் பிறந்தவன் என்றால் இவனல்லவா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

"போச்சு" என்றாள் நடீன். பிரேக்கை இரண்டு தடவை மிதித்துத்தான் ஓரம் கட்டினாள்.

போலீஸ்காரர் நிதானமாக நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார். "லைசென்ஸும் இன்சூரன்ஸ் கார்டும் குடுங்கம்மா. உங்க நம்பரைப் போட்டா, வண்டிக்காரங்க லைசென்ஸ் சஸ்பெண்டுன்னு வருதே."

"காலையிலயே அனுப்பிட்டாங்க சார். கம்பெனியில இருந்து... சான்றிதழ்..." கார்டுகளை எடுத்து நீட்டினாள்.

"எங்க வண்டியில இருக்கறது நேத்து லிஸ்ட்டு. ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன். இறங்காதீங்க."

அவர் போய்த் தன் வண்டியில் உட்கார்ந்தார். நேரம் நகரவே இல்லை. நடீன் வாய்க்குள் ஜெபம் சொன்னாள், பாதியில் வரி மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பக்கத்தில் டாரல் அசையாமல் இருந்தான். அவன் முகத்திலும் ரத்தம் இல்லை. எனக்காக இவனும் இப்படிப் பயப்படுகிறானே என்று அவளுக்கு அழுகை வந்தது.

போலீஸ்காரர் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மதியமே ஏறிடுச்சும்மா. லைசென்ஸ் செல்லும்." கார்டுகளை நீட்டினார். "ஆனா இன்சூரன்ஸை ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. விட்டா கம்பெனியே எங்களுக்குச் சொல்லிடும், மறுபடி முதல்ல இருந்து வரணும். பாத்துப் போங்க."

அவர் வண்டி திரும்பிப் போய் மறையும்வரை அடக்கி வைத்திருந்த அழுகையை நடீன் ஸ்டியரிங்கில் சாய்ந்து கொட்டித் தீர்த்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டா. நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்."

"எனக்கும் இப்பத்தான் மூச்சு வருது" என்றான் டாரல். "கண்ணைத் துடை. எடு வண்டியை. அடுத்த ஊர்ல கொஞ்சம் நிறுத்தணும்."

பயம் போன கையில் வண்டி தானாகவே ஓடியது. அடுத்த ஊர் சின்ன ஊர். ஒரே ஒரு கடைத்தெரு.

"அந்த பேங்க் வாசல்லயே நிறுத்து. அஞ்சு நிமிஷம். இன்ஜினை அணைக்காத."

"பெட்ரோல் என்ன நம்ம அப்பன் வீட்டுதா?" என்று சிரித்தபடி திரும்பியவள், அவன் கோட்டுக்குள்ளிருந்து கறுப்புக் கம்பளி முகமூடி ஒன்றை உருவுவதைப் பார்த்தாள். அதற்குப் பின்னாலேயே துப்பாக்கி வந்தது.

"டாரல், என்னடா இது?"

"நான் எண்ணெய்க் கிணத்துல இல்லக்கா, ஜெயில்ல இருந்தேன்." அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். "அன்னிக்கும் பேங்க்ல எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது. நாலு தெரு தள்ளி சும்மா நிறுத்தினான் பாரு ஒரு போலீஸ்காரன், வண்டி ஓட்டினவனுக்கு இன்சூரன்ஸ் இல்ல."