குளியலறைக் கதவில் பச்சையன்

"இது வீடா, சினிமாக் கொட்டகையா?"

பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு அவள் வந்து வெகு நாளாகியிருந்தது.

ஹாலைச் சுற்றி இருந்த கதவுகளில் எல்லாம், சட்டம் போட்டு, அந்தக் கால வெளிநாட்டு விஞ்ஞானப் படங்களின் போஸ்டர்கள். அம்மாவின் அறைக் கதவில் நெருப்பைக் கக்கும் ராக்கெட். சமையலறையில் தகர டப்பா ரோபோ. குளியலறைக் கதவிலோ, மூன்று கண் பச்சைப் பிராணி ஒன்று வாயெல்லாம் பல்லாக ஓர் அழகியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"அலங்காரம் அண்ணி. இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள் தம்பி மனைவி, கூச்சத்தோடு.

"வயசானவங்க இருக்கிற வீட்டுல இதுவா அலங்காரம்? ஏம்மா, நீ எப்படிம்மா பொறுத்துக்கிறே?"

அம்மா சோபாவில் உட்கார்ந்து சிரித்தார். ஒரு காலத்தில் ஓர் ஆபீஸையே அதட்டி மேய்த்தவர்.

"விடுடி. அவளுக்கு இந்தப் படம்னா பைத்தியம். சின்னஞ்சிறுசு ஆசைப்படுது. நாமதான் விட்டுக்கொடுக்கணும்."

"நீ கொடுக்கிற இடம்தான்! நான் கிளம்பும்போது நீயும் என்கூட வந்துடு. இந்தப் பூதங்களோட நீ இருக்க வேணாம்."

அம்மாவின் சிரிப்பு அணைந்தது. இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு இஷ்டமே இல்லை.

மத்தியானம் அம்மா தன் அறையில் தூங்கினார். மருமகள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் காரியத்தில் இறங்கினாள். முதல் பலி பச்சைப் பிராணி. கழற்றி சோபாவுக்குப் பின்னால் செருகிவிட்டு ராக்கெட்டை நெருங்கியபோது, அந்தக் கதவு திறந்தது.

அம்மா வெளியே வந்து ஹாலின் நடுவில் நின்றார். ரோபோவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வெறும் கதவைப் பார்த்தார். அதன் பிடி வரைக்கும் கையைக் கொண்டுபோய், தயங்கித் திரும்பினார். பிறகு வாசல் கதவைத் திறந்தார்.

"எங்கேம்மா போறே?"

"பாத்ரூம்..." குரலில் பழைய அதட்டல் இல்லை. பயம்தான் இருந்தது.

வாசலில் காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்த மருமகளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.

"அட, அத்தை! என் பச்சையனைக் காணோம்னு தேடுறீங்களா? தூசி தட்டலாம்னு நான்தான் கழட்டி வெச்சேன். இதோ, இங்கேதானே இருந்தான்!" என்று ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டிக் காட்டினாள்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. "அதானே பார்த்தேன். காணோம்னா நீ அழுதுடுவியே!"

நிமிர்ந்து நடந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

நாத்தனார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான் அண்ணி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, கதவுதான் குழம்புது. பேர் எழுதி ஒட்டினேன். 'நான் என்ன பாப்பாவா?'ன்னு கிழிச்சுட்டாங்க. பூ, பூனைக்குட்டின்னு மாட்டிப் பார்த்தேன், மனசுல நிக்கல. பச்சையன் ஒரே நாள்ல நின்னுட்டான். எனக்கு ஆசைன்னு சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாங்க."

நாத்தனார் எழுந்து பிராணியை வெளியே எடுத்தாள். கையாலேயே தூசி துடைத்து மாட்டினாள். கோணலாக இருப்பதாகப் பட்டு மறுபடி சரிசெய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என் பங்குக்கு ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். இந்த மாதிரிப் படத்துல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது, சொல்லு."

மருமகள் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணுகூடப் பார்த்ததில்லை அண்ணி, எனக்குப் பயம்! ராத்திரி பாத்ரூம் போகணும்னா, உங்க தம்பியைத்தான் துணைக்கு எழுப்புறேன்."