மகாராணிக்கு மேக்கப் நேரம்

“இன்னா, மகாராணிக்கு மேக்கப் நேரம் ஆயிடுச்சா?”

ஜெயம்மாளின் குரல் திருத்தணி மலைப்படி தொடங்கும் இடம் வரைக்கும் கேட்டது. பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த மருமகள் பிரபாவதி நாரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டியூபை எடுத்தாள்.

“இவ்ளோதானா? ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்குவியே, இன்னைக்கு இன்னா கஞ்சத்தனம்? காதை வுட்டுட்ட பாரு. கழுத்துக்கு யாரு, உங்கம்மா வந்து பூசுவாளா?”

பூ வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். பிரபாவதி காதுக்கும் கழுத்துக்கும் பூசிக்கொண்டாள்.

பக்கத்துத் தேங்காய்க் கடை வரதராஜன் தலையில் அடித்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை இதே கூத்து. இப்போது பத்து மணிக்கு மறுபடியும். அதுவும் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவில்.

மாசாமாசம் கிருத்திகைக்கு கனகம்மாசத்திரத்திலிருந்து வரும் கௌரியம்மாள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

“மேகம் கட்டிகினு இருக்குது. வெயிலையே காணோம். இப்ப இன்னாத்துக்கும்மா வெயில் கிரீம்?”

“நல்லா கேளுக்கா. மார்கழிப் பனியிலயும் இவளுக்கு இது வேணும்.”

கௌரியம்மாள் பிரபாவதியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

“அது இன்னாது, கன்னத்துல செவப்பா? தோல் வியாதி எதனா இருக்குதா?” மாலைக்கு நீட்டிய கை பாதியில் நின்றது. “சாமிக்குப் போடறதாச்சே...”

“வியாதியா?” ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “அது கொழுப்புக்கா! பொழுதுக்கும் மூஞ்சியைத் தேய்ச்சிகினே இருந்தா செவக்காம இன்னா பண்ணும்? கையில கண்ணாடியைக் குடுத்துட்டா சோறுகூட வேணாம் இவளுக்கு.”

கௌரியம்மாளும் சிரித்துவிட்டாள். “நல்ல மினுக்கியாப் பார்த்துதான் புடிச்சிகினு வந்திருக்கே” என்றபடி, பிரபாவதியின் கையிலிருந்தே மாலையை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு முறை மகாராணி, இன்னொரு முறை சிரிப்பு. அதன் பிறகு ஜெயம்மாள் மாலைக் கூடையோடு ஆட்டோவில் மலைக்குப் போனாள்.

வரதராஜனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பூக்கடைக்கு வந்தார்.

“பிரபா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. அந்தக் கிரீமையும் தூக்கிக் கடாசு. மூஞ்சி கறுத்தா கறுத்துட்டுப் போவுது. நாலு பேர் எதிர்ல மானம் போவுதேம்மா.”

பிரபாவதி நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அண்ணா, அத்தை இன்னைக்கு எந்தெந்த மணிக்குக் கத்தினாங்க?”

“எட்டு... பத்து... இப்ப பன்னெண்டு. அலாரம் வெச்ச மாதிரி.”

“அது அரக்கோணம் டாக்டர் சொன்ன கணக்கு. வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பூசணும்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு ரத்தத்துலயே ஒரு நோய்ண்ணா. யாருக்கும் ஒட்டாது. ஆனா வெளிச்சம் பட்டா மூஞ்சி தடிச்சிப்பூடும், மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்துடும். மேகம் மூடியிருந்தாலும் விடாது, மழைக்காலத்துலயும் விடாது. அது தெரியாம ஃபேன்சி ஸ்டோர்ல செவப்பழகு கிரீம் வாங்கிப் பூசி இன்னும் கெடுத்துகினேன். டாக்டர் எழுதின, வாசனை இல்லாத இந்த டியூபை அத்தைதான் மாசாமாசம் ரயில் ஏறிப் போய் வாங்கியாறாங்க.”

“அப்புறம் எதுக்கும்மா இந்தப் பேச்சு?”

“மாலை கட்ட உக்காந்தா நான் மறந்துடறேன். யாராச்சும் ஞாபகப்படுத்தணும். நோய்னு சொல்லி ஞாபகப்படுத்தினா, என் கையால ஒருத்தரும் சாமிக்குப் பூ வாங்க மாட்டாங்க. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா நான் ஒடிஞ்சிபோயிடுவேன்னு அத்தைக்குத் தெரியும். ‘மினுக்கின்னு சொன்னா சிரிச்சிட்டு வாங்கிகினு போயிடுவாங்கடி, நோயாளின்னு சொன்னா திரும்பிப் பார்க்க மாட்டாங்க’ன்னு சொன்னாங்க.”

வரதராஜன் அவள் கன்னத்துச் சிவப்பையே பார்த்தார்.

அந்தப் பார்வை பிரபாவதியைப் பயமுறுத்தியது. தினமும் அவர் கடை முருகன் படத்துக்கு அவள் ஒரு முழம் பூ கொடுப்பது வழக்கம். கூட்டத்தில் இன்று கொடுக்கவில்லை. வாழையிலையில் சுற்றி வைத்திருந்த பூவை எடுத்தாள். நீட்டலாமா, வேண்டாமா என்று கை தயங்கியது.

“இன்னாம்மா, இன்னைக்கு என் முருகனுக்குப் பூ கிடையாதா?” என்று கையை நீட்டினார் வரதராஜன்.

மதியம் இரண்டு மணிக்கு ஆந்திராவிலிருந்து இரண்டு பஸ் வந்து நின்றது. பூக்கடையை ஜனம் மொய்த்தது. மேகம் விலகி, மூங்கில் கூடைகளின் மேல் வெயில் சாய்ந்து விழுந்தது. பிரபாவதி தலை குனிந்தபடி கட்டிக்கொண்டே இருந்தாள். மலைக்குப் போன ஜெயம்மாள் இன்னும் இறங்கி வரவில்லை.

வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினார்.

“ஏ மகாராணி! மேக்கப் நேரம் ஆயிடுச்சு பாரு... காதை வுட்டுடாத!”