ஆட்டுக்குட்டி தின்ற எழுத்து

இளவரசி மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். உரித்து வறுத்த மல்லாட்டை சடசடவென்று மேசையில் கொட்டியது.

பக்கத்து மேசையில் நின்ற பிரபாவதிக்கு வயிறு எரிந்தது.

மூன்று வாரமாக வெட்டி, ஒட்டி, சாயம் பூசி இவள் செய்த தெர்மாகோல் ஆட்டுக்குட்டிக்குப் போட்டியாக அவள் கொண்டுவந்தது ஒரு படி வேர்க்கடலையா?

திண்டிவனத்தில் அன்று படக்கதைப் போட்டி. எல்லாப் பள்ளிக்கும் ஒரே புத்தகம். கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும் ஒரு ஆட்டுக்குட்டியின் கதை. அதை வைத்து, குழந்தைகள் கையால் எதையாவது செய்து எழுதப் படிக்கப் பழகுவதைக் காட்ட வேண்டும். தேர்வாகிற ஒரு டீச்சர் புதன்கிழமை விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

பிரபாவதிக்குப் போயே ஆகவேண்டும். இளவரசி போகவே கூடாது.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் இருவருக்கும் வேலை. ஒன்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு பிரபாவதியுடையதாக இருந்தது. பொங்கல் கழித்து இளவரசி வந்து சேர்ந்தாள். தலைமையாசிரியர் அந்த வகுப்பைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, இவளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

அதுவரை இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளைகளெல்லாம் மறுநாளே அவள் பின்னால் ஓடின. கலைமதி உட்பட. அந்தக் குட்டியின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்ததே இவள்தான்.

நன்றி கெட்டதுகள் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு வயசுப் பிள்ளைகளைப் போய் யாராவது அப்படி நினைப்பார்களா என்று தன்னையே திட்டியும் கொண்டாள். திட்டினாலும் எரிச்சல் அடங்கவில்லை.

இளவரசி தன் வகுப்பிலிருந்து கூட்டிவந்த கலைமதியும் இன்னும் மூன்று குழந்தைகளும் மல்லாட்டையை ஒவ்வொன்றாக அடுக்கி, கறுப்பு அட்டைகளில் எழுதி முடித்திருந்தார்கள். இலை. கயிறு. பாய். தாள். கதையில் ஆட்டுக்குட்டி தின்ற சாமான்கள்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் பேஜாரு.

பார்வையிட வந்த அதிகாரி அம்மா மூன்று மேசை தள்ளி நின்றார். இளவரசியைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள்.

"இதுங்கள கொஞ்சம் பாத்துக்கினு இருங்கக்கா, தோ வந்துடுறேன்."

பிரபாவதி பார்த்துக்கொண்டாள். அந்த மேசைக்குப் போய், குனிந்து, குழந்தைகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போலத் தன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டாள்.

அதிகாரி முதலில் இவள் மேசைக்கு வந்தார். கண்ணில் பல்பு எரியும் ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். விரலால் எழுதிப் பழகத் தட்டில் கேப்பை பரப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் அதில் எழுதிக் காட்டச் சொன்னார்.

அது கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"தொட்டா கலைஞ்சிடும். மிஸ்ஸு திட்டுவாங்க."

அதிகாரி அடுத்த மேசைக்கு நகர்ந்தார். போகட்டும், அங்கே போய்ப் பார்க்கட்டுமே என்று பிரபாவதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அங்கே நாலு அட்டையும் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. நாலு வாயும் மென்றுகொண்டிருந்தன. திரும்பி வந்த இளவரசியின் முகம் வெளுத்துப்போனது.

எழுத்தெல்லாம் எங்கே என்று அதிகாரி கேட்டார்.

கலைமதி அவசரமாக விழுங்கினாள். வெறும் அட்டைமேல் விரலை வைத்து, மல்லாட்டை இருந்த தடத்திலேயே நிதானமாக ஓட்டினாள்.

"இங்க இலை இருந்துச்சி. ஆட்டுக்குட்டி தின்னுடுச்சி."

அடுத்த குழந்தையின் விரல் கயிறு என்று எழுதியது. அப்புறம் பாய். அப்புறம் தாள். ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்து, ஒன்றுமே இல்லாத அட்டைகளிலிருந்து முழுக் கதையையும் படித்து முடித்தார்கள்.

அதிகாரி கைதட்டிவிட்டார். எழுதியதை ஆட்டுக்குட்டி மாதிரியே தின்றுவிட்டு, தின்றதை மனசிலிருந்து மறுபடி எழுதுவது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். தின்ன வைக்கும் யோசனை யாருடையது என்று கேட்டார்.

இளவரசி வாயைத் திறப்பதற்குள் கலைமதி கையை நீட்டிக் காட்டினாள்.

"பிரபா மிஸ்ஸுதான் தின்னச் சொன்னாங்க."

பிரபாவதிக்கு ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. அதற்குள் அதிகாரி விழுப்புரத்துக்கு இவள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இளவரசி ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு இது தோன்றவே இல்லை என்றாள். அக்கா இல்லாவிட்டால் தன் குழந்தைகள் சும்மா அடுக்கிவைத்துக்கொண்டு நின்றிருக்கும் என்றாள். அவள் முகத்தில் துளி பொறாமையாவது இருக்கிறதா என்று பிரபாவதி தேடினாள். இல்லை. அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

கலைமதி மூடிய கையோடு வந்து நின்று விரலைப் பிரித்தாள். வியர்வையில் நனைந்த இரண்டு மல்லாட்டை.

பிரபாவதி தன்னையறியாமல் மறு கையை நீட்டினாள்.

குழந்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"இது எங்க மிஸ்ஸுக்கு. அவங்க வர்றதுக்குள்ள ஒண்ணு வுடாம தின்னுடுங்க, அவங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னீங்க இல்ல? நான்தான் ஒளிச்சி வச்சேன்."

இவள் கையைப் பிடித்திருந்த இளவரசியின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.